சீட்டி எப்படி மேளமாகிறது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் எலெக்ட்ரோனிக் இசை பழக இறங்கியிருக்கிறார். குரு, கண்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம். கருவி, அண்ணனின் பழைய லெப்டொப். கேள்வியை அவர் சொன்னபடியே தருகிறேன்: "சேர், கிக் மேளம் செய்ய ஒரு சைன் அலையை எடுத்து, 250 ஹேர்ட்ஸில் தொடங்கி 50க்கு இறக்கு, அதையும் 50 மில்லிசெக்கனுக்குள் இறக்கு என்று புத்தகத்தில் இருக்கிறது. செய்தேன், மேளம் கேட்கிறது. ஆனால் சைன் அலை சீட்டி மாதிரிச் சத்தம்தானே? அது எப்படி மேளமாகும்?"

கிக் என்பது டிரம் செட்டில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய மேளம். புத்தகம் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லாது. இந்த வகைப் புத்தகங்கள் சமையல் குறிப்பு மாதிரி. எவ்வளவு உப்பு என்று இருக்கும், ஏன் உப்பு என்று இருக்காது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சோறு வெந்த பிறகு கேள்வி கேட்கிற பிள்ளைகள் கிடைப்பதே பெரிய விஷயம்.

அடிப்படை எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது, அலகு ஹேர்ட்ஸ்) கூடினால் சுருதி கூடும், வீச்சம் (அதிர்வின் அளவு) கூடினால் உரப்பு கூடும். ஒரே சுருதியில் வயலினும் நாதஸ்வரமும் வேறுவேறாகக் கேட்பது மேற்றொனிகளால், அதாவது அடித்தொனிக்கு மேலே கூடவே ஒலிக்கும் தொனிகளால். சைன் அலைக்கு மேற்றொனி கிடையாது, ஒற்றை மீடிறன் மட்டும். மொட்டைச் சத்தம். மின்னால் சத்தம் உண்டாக்கும் சிந்தசைசரில் ஒசிலேட்டர் அலையை உண்டாக்கும், என்வலப் அந்த அலையின் உரப்பையோ சுருதியையோ நேரத்தோடு ஏற்றி இறக்கும். இவ்வளவு போதும்.

இனி ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்துகொள்ளுங்கள். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும் வேண்டும். முதலில் வெறும் 50 ஹேர்ட்ஸ் தொனியை அரைச் செக்கனுக்கு உண்டாக்கிக் கேளுங்கள். ஒரு முனகல், அவ்வளவுதான். சந்தியில் இருக்கிற ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்தில் கேட்குமே, அதைவிடத் தடித்த முனகல். (அது 100 ஹேர்ட்ஸ். நம் மின்சாரம் 50தான் என்றாலும் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் இரும்பு இரண்டு தடவை நீண்டு சுருங்குகிறது.) அடுத்து, அதே மென்பொருளில் ‘சர்ப்’ என்று ஒன்று இருக்கிறது, சுருதி வழுக்கும் அலை. தொடக்கம் 250, முடிவு 50, நேரம் ஒரு செக்கன், இன்டர்பொலேஷன் லொகரித்மிக் என்று கொடுங்கள். 'ப்யூவ்வ்' என்று சீட்டி இறங்கும். மேளத்தின் வாடைகூட இல்லை. இப்போது அதே இறக்கத்தை 0.05 செக்கனுக்குள் திணித்து, பின்னால் அந்த 50 ஹேர்ட்ஸ் முனகலை ஒட்டி மெல்ல மங்கவிடுங்கள்.

டும்.

நான் இதை முதன்முதலில் செய்தபோது பத்துப் பதினைந்து தடவை திரும்பத் திரும்பப் போட்டு, வீட்டில் ஏச்சும் வாங்கினேன். அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த 0.05 செக்கனுக்குள் இருப்பது ஆறே ஆறு அலையும் கொஞ்சம் மிச்சமும். முதல் அலையின் அகலம் 4 மில்லிசெக்கனுக்குச் சற்று மேலே. கடைசி முழு அலை 14 மில்லிசெக்கனுக்குக் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. எந்த இரண்டும் ஒரே அகலம் இல்லை. ஒரு சுருதியை இனங்காண வேண்டுமென்றால், ஒரே மாதிரியான அலைகள் சிலவாவது வரிசையாகக் காதுக்கு வரவேண்டும். இங்கே வந்தது எதுவும் திரும்பி வரவில்லை. இது இறங்குகிற சீட்டி என்று கண்டுபிடிக்க அவகாசம் கிடைக்காமல், மூளை முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி 'அடி' என்று பெயர் எழுதிவிடுகிறது.

சரி, ஏன் 'அடி' என்று எழுத வேண்டும்? தும்மல் என்று ஏன் எழுதவில்லை?

பதிலைத் தப்பு என்கிற தோல் மேளத்தில் தேடுவோம். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்பு அடித்ததைத் தாத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கிட்ட நின்று பார்த்தது தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தில். மாசி மாதத்து இரவு, மலையெல்லாம் பனி. கொஞ்ச நேரம் அடித்ததும் தப்புக்காரர்கள் ஒதுங்கிப்போய்ச் சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். "இன்னும் சொதசொதன்னு கெடக்கு" என்பார் ஒருவர். மறுபடி நெருப்பு. ஈரம் குடித்த தோல் தளர்ந்து போகும், இழுவை குறையும், சுருதி இறங்கும். ஈரம் போனால் தோல் முறுகிச் சுருதி ஏறும். உயர்தரத்தில் சுரமானியை (கம்பியை இழுத்துக் கட்டி மீடிறன் பார்க்கும் கருவி) வைத்துப் போட்ட கணக்குத்தான்: இழுவை நான்கு மடங்கானால் மீடிறன் இரண்டு மடங்கு.

நெருப்பு நிமிடக்கணக்கில் செய்கிற அதே வேலையைக் குச்சி மில்லிசெக்கன் கணக்கில் செய்கிறது. அடி விழும் இடத்தில் தோல் குழிகிறது. சட்டத்தில் இறுக்கிக் கட்டிய தோல் குழிய வேண்டுமென்றால் கொஞ்சம் நீண்டாக வேண்டும். நீண்டால் இழுவை கூடும். ஆகவே முதல் சில அதிர்வுகள் அந்தத் தோலின் இயல்பான சுருதிக்கு மேலே நிற்கின்றன. வீச்சம் அடங்க அடங்க இழுவை பழைய நிலைக்கு வரும், கூடவே சுருதியும் இறங்கும். ஓங்கி அடித்தால் இறக்கம் அதிகம், தட்டினால் குறைவு. காது பிறந்ததிலிருந்து இதைக் கேட்டுப் பழகியிருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்து நடக்கிறது. கம்பியின் மேற்றொனிகள் அடித்தொனியின் மீடிறனுக்கு 1, 2, 3 மடங்கு என்று ஒழுங்காக வரும். வெறும் வட்டத்தோலில் 1, 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாகத்தான் வரும். அடித்தவுடன் எல்லாம் ஒன்றாகக் கத்தும், உயர்ந்தவை பெரும்பாலும் முதலில் ஓய்ந்துவிடும், கடைசியில் அடித்தொனி தனியாக நிற்கும். ஆக இரண்டு வகையிலும் மேளச் சத்தம் மேலே தொடங்கிக் கீழே முடிகிறது. நம்முடைய ஒற்றைச் சைன் அலை மேலிருந்து வழுக்கி வரும்போது இரண்டையும் ஒரே ஓட்டத்தில் நடித்துவிடுகிறது. நடிப்பு கொஞ்சம் அதிகம்தான். உண்மையான தோலில் சுருதி இறங்குவது சொற்பம், இங்கேயோ ஐந்து மடங்கு. பத்திரிகைக் கார்ட்டூனில் மூக்கைப் பெரிதாகப் போடுவார்கள் இல்லையா, அப்படி. அந்த மூக்கால்தான் ஆளைச் சட்டென்று அடையாளம் தெரிகிறது.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980ல் வெளியிட்ட டிஆர்-808 என்ற மேள இயந்திரம் இப்படி நடிக்கத் தெரிந்த பெட்டி. பதிவுசெய்த மேளச் சத்தம் ஒன்றுகூட அதில் இல்லை, எல்லாம் மின்சுற்று. மேளம் மாதிரியே இல்லை என்று அன்றைக்கு முகம் சுளித்தார்கள், 1983ல் உற்பத்தியும் நின்றது. பிறகு மலிவு விலையில் கைமாறி ஹிப்-ஹொப்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்றைக்குத் தோல் மேளம்தான் அதன் மாதிரிக் கேட்கவேண்டியிருக்கிறது.

அந்தத் தாறுமாறு மேற்றொனிகளைப் பற்றி 1920லேயே சி. வி. ராமன் எழுதியிருக்கிறார். மிருதங்கத்தின் நடுவில் அப்பும் கருஞ்சாந்து அவற்றை இழுத்துக் கம்பியின் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். மிருதங்கத்துக்கு ஆய்வுக்கட்டுரை, தப்புக்குச் சாவு வீடு. தப்பை வீட்டுக்குள் வைத்தால் ஆகாது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோலுக்கு நல்ல காரியம் கெட்ட காரியம் தெரியாது ஐயா, ஈரமும் இழுவையும்தான் தெரியும். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் நிதி ஒதுக்கி வாங்கிய, அலையைத் திரையில் காட்டும் அலைவுகாட்டி பெட்டியைவிட்டு வெளியே வராமலே பழுதாகிப் போனது. அதன் விலையில் ஒரு மைக்கும் பழைய லெப்டொப்பும் வாங்கி, பிள்ளைகளில் ஒருவரைத் தப்பு கொண்டுவரச் சொல்லியிருந்தால் ஒலிப் பாடம் ஒரு கிழமையில் முடிந்திருக்கும்.

தம்பி கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ஹெட்ஃபோனில் நெஞ்சை உலுக்கும் கிக், கூட்டாளிமாரின் போனில் போட்டால் காணாமல் போகிறதாம். போகும்தான். நகமளவு ஸ்பீக்கரால் 50 ஹேர்ட்ஸுக்குக் காற்றைத் தள்ள முடியாது. அலையின் மேல்பக்கத்தை மட்டும் கொஞ்சம் நசுக்குங்கள், புத்தகத்தில் டிஸ்டோர்ஷன் என்ற அத்தியாயத்தில் இருக்கும். நசுக்கிய அலையில் 100, 150, 200, 250 என்று மேற்றொனிகள் முளைக்கும். அவற்றில் மேலே இருப்பவை போனில் கேட்கும். எல்லாமே 50இன் மடங்குகள் என்பதைப் பார்த்து, வராத 50ஐ மூளையே போட்டு நிரப்பிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் கிழிந்த தப்பு மாதிரி இருக்கும், ஆகவே போனில் கேட்டுக் கேட்டுத் திருகுங்கள்.

அப்புறம் தம்பி, உங்கள் தோட்டத்தில் தப்பு இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். காய்ச்சுவதற்கு முன் ஓர் அடி, காய்ச்சிய பின் ஓர் அடி, போனிலேயே பதிந்து அனுப்புங்கள். முதல் ஆறு அலையை அளந்து பார்ப்போம்.