அரண்மனை வேடப் படங்களும் அவற்றின் நிறங்களும்

விக்டோரியா மகாராணியின் பிள்ளைகள் வேடமிட்டு நிற்கும் ஒளிப்படங்கள், கணினியில் நிறமூட்டப்பட்டு, 'அரண்மனையின் அன்றாட வாழ்க்கை' என்ற குறிப்புடன் பகிரப்படுவதை அண்மைக்காலமாக அடிக்கடி காண்கிறேன். பழைய ஒளிப்படங்களைப் பேணும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தக் குறிப்பைவிட அந்த நிறங்களே எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

1854 பிப்ரவரி 10 அன்று, பெற்றோரின் பதினான்காவது திருமண நாளுக்காக, விண்ட்சர் கோட்டையில் அரசப் பிள்ளைகள் பருவகாலங்களைச் சித்திரிக்கும் காட்சிகளை நடத்தினார்கள். ஓவியத்தில் உள்ளவர்களைப் போல வேடமிட்டு அசையாமல் நிற்பது அக்காலத்து மேட்டுக்குடி வீடுகளின் விருப்பமான பொழுதுபோக்கு. ஆலிஸ் வசந்தமாகவும், ஆல்ஃபிரட் திராட்சைக் கொடி சூடிய இலையுதிர்காலமாகவும், பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய பன்னிரண்டு வயது மூத்த இளவரசர் வெண்தாடி வைத்த குளிர்காலமாகவும் தோன்றினார்கள். அவர்களைப் படமெடுத்தவர், அடுத்த ஆண்டு கிரிமியப் போர்க்களத்துக்குச் சென்ற ரோஜர் ஃபென்டன்.

1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட, அக்காலத்து ஒளிப்பட முறையான ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய கரைசல் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்திலும் சில விநாடிகளாவது பிடிக்கும் என்பதால், குழந்தைகள் கேமராவுக்காகவே தனியாக அசையாமல் நின்றாக வேண்டும். அதைவிட முக்கியமானது, அந்தப் பூச்சு நீல ஒளியைத்தான் நன்றாக உணரும் என்பது. நீலப் பட்டு ஏறத்தாழ வெள்ளையாகவும், சிவப்பும் மஞ்சளும் கருமையாகவும் பதிவாகும். சாம்பல் நிறத்தின் அடர்த்தியை வைத்து உடையின் நிறத்தை ஊகிக்கும் மென்பொருள் இங்கே தவறாமல் ஏமாறுகிறது. நிறமூட்டல் இன்று தொடங்கிய வழக்கமும் அல்ல. மகாராணியே இந்த வரிசைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டச் செய்தார். தீட்டியவர் கார்ல் ஹாக் என்னும் ஓவியர். ஆகவே மூலப்படியில் காணும் நிறமும் ஓவியரின் கைவேலையே.

1880களின் இறுதியில் மகாராணியின் மற்ற இல்லங்களான பால்மோரலிலும் ஆஸ்போர்னிலும் இத்தகைய காட்சிகள் மீண்டும் நடந்தன. 1887இல் பணிக்கு வந்த அப்துல் கரீம் முதலிய இந்தியப் பணியாளர்களும் அவற்றில் வேடமேற்றார்கள். அப்படங்களை இந்திய உடைக்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. கீழை நாட்டவர் எப்படித் தோன்ற வேண்டும் என்று அரண்மனை விரும்பியது என்பதற்கு மட்டுமே அவை சான்று என்பேன்.

தேதிக்கும் இதே எச்சரிக்கை தேவை. 1897 ஜூலை 2 அன்று லண்டன் டெவன்ஷயர் மாளிகையில் நடந்த வேட விருந்துக்கு லஃபாயெட் என்னும் ஒளிப்பட நிறுவனம் தோட்டத்தில் கூடாரமடித்துப் படமெடுத்தது. ஆயினும் விருந்தினர் சிலர் பின்னொரு நாளில் வேடமிட்டு ஸ்டூடியோவில் நின்றார்கள்.

கையால் வண்ணமிட்ட பழைய படம் உங்கள் வசம் இருந்தால், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். நீர்வண்ணம் தாளின் மேல்தான் ஒட்டியிருக்கிறது, துடைத்தால் கரைந்துவிடும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் தூரிகைத் தடம் தெரியும். நிறமூட்டிப் பகிர்வதானால், நிறமில்லாத மூலப்படத்தையும் அருகிலேயே இடுங்கள்.