32 சதவீதம் என்று போட்டுவிட்டார்களா? மேல்முறையீடு செய்யலாம்

மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைக்கவில்லை என்றதும் நம் ஊரில் முதலில் செய்வது, திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுப்பது. தப்பில்லை. ஆனால் மறுத்தது யார், எதை மறுத்தார் என்று பார்க்காமல் எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

குறைபாடு எவ்வளவு என்று சான்றில் மருத்துவர் போடும் சதவீதம் ஒரு முடிவு. அதைப் பார்த்துப் பணம் உண்டா இல்லையா என்று வருவாய்த் துறை சொல்வது வேறு முடிவு. கலெக்டரே நினைத்தாலும் 32-ஐ 40 ஆக்க முடியாது.

முதலில் சதவீதம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைகளைச் சொல்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். நீண்டகால நோய்களில் பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தலசீமியா, ஹீமோபிலியா ஆகியவை பெயரோடு பட்டியலில் இருக்கின்றன. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இல்லை. ஆனால் சர்க்கரையால் கால் எடுத்தவர் கை கால் இயக்கக் குறைபாட்டிலும், கண் மங்கியவர் பார்வைக் குறைபாட்டிலும் வரலாம். அதனால் "பதினைந்து வருஷமாகச் சுகர்" என்று எழுதினால் போதாது. அது உடம்பிலிருந்து எதைப் பறித்தது என்று எழுத வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. ஒருவருக்குக் காலில் 30, பார்வையில் 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். 90-இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். 50 வராது, 43 வரும். ஆனாலும் 40-ஐத் தாண்டிவிட்டது! காலை மட்டும் பார்த்து 30 என்று முடித்திருந்தால், மேல்முறையீட்டுக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நோய் ஏறி இறங்குகிறவர்களுக்கு வேறு சங்கடம். சதவீதம் போடும் மருத்துவ போர்டுக்குப் போன அன்று பார்த்து உடம்பு நன்றாக இருக்கும். டாக்டர் "நடந்து காட்டுங்க" என்பார், நடந்துவிடுவோம். அப்புறம் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுக்கை. அதை யார் எழுதுவது? நாம்தான். கீழே விழுந்த தேதி, வேலைக்குப் போகாத நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து, டிஸ்சார்ஜ் சம்மரி, ஓபி சீட்டு நகல்களோடு இணையுங்கள்.

சான்று மறுத்தால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே 2016 சட்டத்தின் 58-ஆம் பிரிவு. மேல்முறையீட்டு உரிமை 59-ஆம் பிரிவில் இருக்கிறது. யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பது மாநில விதிப்படி. கடலூர்க்காரருக்குத் தமிழக விதி, பாகூர்க்காரருக்குப் புதுவை விதி. காகிதம் கைக்கு வந்த வாரமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சதவீதம் எப்படி வந்தது என்று காட்டும் மதிப்பீட்டுத் தாள் கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

கடலூரில் வீடு, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் வைத்தியம் என்று இருப்பவர்கள் நம் பக்கம் ஏராளம். சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையில் சான்று தரும் அதிகாரி இருந்தால், அங்கேயும் விண்ணப்பிக்க அந்தச் சட்டத்தின் 2017 விதிகள் இடம் தருகின்றன. சான்று நாடு முழுக்கச் செல்லும். உதவித்தொகை மட்டும் குடியிருக்கும் ஊரைப் பொறுத்தது. புதுவை எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் திட்டமும் தொகையும் வேறு.

சரி, சதவீதம் இருந்தும் பணம் மறுக்கப்பட்டால்? வருவாய்த் துறை வழியாக வரும் உதவித்தொகை தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் 1,000-இலிருந்து 1,500 ரூபாய் ஆனது. இங்கே மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் வருமானமோ ஆவணமோதான். சான்று தற்காலிகமானதென்றால் அதில் போட்டிருக்கும் தேதியையும் பாருங்கள். தாசில்தாரின் மறுப்பு ஆணையை நகல் வாங்கி, மேலே கோட்டாட்சியரிடம் போகலாம். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் மூன்றிலும் கோட்டாட்சியர்கள் இருக்கிறார்கள்.

எங்கும் பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். அதிகாரியை அழைத்து விசாரிக்க, ஆவணங்களை வரவழைக்க அவருக்குச் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. மனு எழுதத் துணை வேண்டுமானால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். சான்றே கிடைக்காத பெண்ணாக இருந்தாலும் கவலையில்லை, பெண்களுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.