"வீட்டுக்குப் போகணும்" என்று அம்மா சொல்லும்போது

முதியோருக்கு வைத்தியம் பார்க்கிற எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. ஆனாலும் போன வருடம் ஆவணி முடிகிற சமயம் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அம்மாவுக்கு 78 வயது, மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஐம்பது வருடம் இருந்தவர். வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டு, எல்லாருமாக நாவலூரில் பதினோராவது மாடிக்குக் குடிபோயிருக்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து, சாயங்காலம் ஆனால் போதும், பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றுவிடுகிறார். "வீட்டுக்குப் போகணும்." மகன் "இதுதாம்மா வீடு" என்று சொல்லச் சொல்ல அழுகை கூடுகிறது.

"நல்லாத்தானே இருந்தாங்க டாக்டர், திடீர்னு எப்படி இவ்வளவு மறதி?" என்று கேட்டார்.

திடீரென்று வந்ததில்லை. விசாரித்தால் இரண்டு வருடமாகவே மறதி இருந்திருக்கிறது, அந்தப் பழைய வீட்டில் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ராத்திரி எழுந்தால் சுவரைத் தொட்டுக்கொண்டே எட்டு அடி வைத்தால் பாத்ரூம். காபிப்பொடி டப்பாவுக்குக் கை தானாகப் போகும். காலையில் கோயில் மணி, பால்காரர், அப்புறம் பூக்காரம்மா, பங்குனி வந்தால் தேர், அறுபத்து மூவர் என்று நேரத்தையும் மாதத்தையும் தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. பதினோராவது மாடியில் அதில் ஒன்றுகூட இல்லை.

மூளையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், எலி அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கிற செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971-ல் சொன்னார். அதை ஒட்டிய என்டோரைனல் கார்டெக்ஸில் இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் செல்களை மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005-ல் கண்டார்கள். மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. புது ஞாபகங்கள் பதிவதற்கும் இதே பகுதிதான் வேண்டும், அல்சைமர் என்ற மறதி நோய் முதலில் கைவைப்பதும் பெரும்பாலும் இங்கேதான். அதனால் பழைய வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவர், புது வீட்டில் ஒரு மாதம் ஆனாலும் பாத்ரூமைத் தேடுகிறார். அது பிடிவாதம் இல்லை, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, அவர்கள் கேட்கிற வீடு நேற்றுக் காலி செய்த வீடாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பொதுவாக 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்ததுதான் வயதான காலத்தில் அதிகம் நினைவுக்கு வரும். ஒரு பெரியவர் தினமும் மூர் மார்க்கெட் போகவேண்டும் என்பார். "அது எரிஞ்சு நாப்பது வருஷம் ஆச்சுப்பா" என்று வீட்டில் தினமும் சொல்வார்கள். 1985-ல் எரிந்ததை அவர் ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார், ஒவ்வொரு தடவையும் முகம் வாடிப்போகிறது. நாம் மட்டும் என்ன, அண்ணா சாலையை இன்னமும் மவுண்ட் ரோடு என்றுதானே சொல்கிறோம். செம்மொழிப் பூங்கா வாசலைத் தாண்டும்போது, அதே இடத்தில் இருந்து 2008-ல் மூடிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் கண்ணில் வராத பழைய சென்னைக்காரர் உண்டா? இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிகிறது. அவர்களுக்கு அந்த இன்றைக்கு மட்டும்தான் நழுவிவிட்டது.

முன்பெல்லாம் நானே "இதுதான் உங்கள் வீடு என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்" என்று குடும்பத்தாரிடம் சொன்னதுண்டு. அது தவறு. வாதாட வேண்டாம், "நம்ம வாசல்ல என்ன மரம்மா இருந்துச்சு?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது அந்த அம்மா பவழமல்லியைப் பற்றி பத்து நிமிஷம் பேசினார், பையைக் கீழே வைத்துவிட்டார். கூடவே பசியா, வலியா, மூத்திரம் முட்டுகிறதா என்றும் பாருங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்பதற்குள் இதெல்லாமும் இருக்கும்.

வீடு மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் மறதி லேசாக இருக்கும்போதே மாற்றுங்கள். புதுக் கட்டில், புது பீரோ என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்காதீர்கள். பழைய கட்டிலையே போட்டு, சுவர் எந்தக் கைப்பக்கம் இருந்ததோ அதே பக்கம் வரும்படி வையுங்கள். பூஜை அலமாரியில் படங்களின் வரிசைகூட மாறவேண்டாம். ராத்திரி பாத்ரூம் விளக்கு எரியட்டும். அடுக்குமாடியில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் வாசலில் அவருக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை மாட்டுங்கள்.

எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. மூத்தவன் வீட்டில் மூன்று மாதம், இளையவன் வீட்டில் மூன்று மாதம் என்று பெற்றவர்களை முறைபோட்டு மாற்றுவது. பிள்ளைகளுக்குள் அது நியாயமான கணக்காக இருக்கலாம், மறதி நோய் வந்தவருக்கோ ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத இடத்தில் கண் விழிப்பது போல. ஒரே வீட்டில் இருக்கட்டும், பிள்ளைகள் முறைபோட்டு வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்து, ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் அரைத்தூக்கம் என்று மாறி மாறி இருந்தால், வீடு மாற்றியதால்தான் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை 2024-லிருந்து இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567.

அந்த அம்மா இப்போதும் சில சாயங்காலம் கேட்கிறாராம், ஆனால் பையை எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை மகன் மயிலாப்பூர் கூட்டிப்போகிறார். மாட வீதியைச் சுற்றி, பூ வாங்கி, குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் தெருவுக்குள் மட்டும் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே இப்போது தகரத் தடுப்பு நிற்கிறது.