இந்த கார்டு இப்போது யார் கையில்?

விஎம்முக்குள், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓட்டும் இன்னொரு கணினிக்குள், நெட்வொர்க் வரவில்லை என்றால் ஐபி, டிஎன்எஸ், ஃபயர்வால் என்று வரிசையாகப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் நெட்வொர்க் கார்டையே பாஸ்த்ரூ முறையில் விஎம்மிடம் தூக்கிக் கொடுத்திருந்தால், அந்தத் தேடலில் பாதி வீண். அங்கே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த நிமிஷம் அந்த கார்டு யார் கையில் இருக்கிறது?

வழக்கமான விஎம்மில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கார்டு எப்போதும் ஹோஸ்ட்டிடம்தான், அதாவது விஎம்மைத் தாங்கும் அசல் இயந்திரத்திடம்தான். விஎம்முக்குள் ஓடும் இயங்குதளமான கெஸ்ட்டுக்கு மென்பொருளால் செய்த ஒரு பொம்மை கார்டைக் காட்டுவார்கள். ஒவ்வொரு பேக்கெட்டும் ஹோஸ்ட் வழியாகத்தான் போய் வரும். பாஸ்த்ரூவில் பொம்மை கிடையாது. அசல் கார்டைக் கெஸ்ட்டின் டிரைவரே நேரடியாக ஓட்டும். வேகம் கிடைக்கும், தாமதம் குறையும். கூடவே ஒரு சிக்கலும் வரும்.

அந்தச் சிக்கலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பேக்கெட் வந்தால் அதை கார்டு சிபியுவிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. தானே நினைவகத்தில் எழுதிவிடும். இதைத்தான் டிஎம்ஏ என்கிறோம். எங்கே எழுதுவது? டிரைவர் முன்கூட்டியே ஒரு பட்டியலில் முகவரிகளைப் போட்டு வைத்திருக்கும். 4 ஜிபி நினைவகம் கொடுத்த ஒரு விஎம்மை எடுத்துக்கொள்வோம். தன் நினைவகம் பூஜ்யத்தில் தொடங்கி ஒரே துண்டாக இருக்கிறது என்று கெஸ்ட் நம்புகிறது. உண்மையில் அது ஹோஸ்ட்டின் நினைவகத்தில் 4 கேபி பக்கங்களாக அங்கங்கே சிதறிக் கிடக்கலாம். கெஸ்ட் டிரைவர், ‘அடுத்த பேக்கெட்டை 1 ஜிபி எல்லையில் வை’ என்கிறது. அந்த இடம் ஹோஸ்ட் கணக்கில் 5 ஜிபிக்கு அப்பால் எங்கேயோ இருக்கும். கார்டுக்கு விஎம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சொன்னபடி 1 ஜிபியில் 1500 பைட்டைக் கொட்டும். ஹோஸ்ட்டில் அதே இடத்தில் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சொந்தத் தரவு இருந்தால் கதை முடிந்தது.

இதைத் தடுக்கத்தான் ஐஓஎம்எம்யூ இருக்கிறது. கார்டுக்கும் நினைவகத்துக்கும் நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு முகவரியையும் அந்தச் சாதனத்துக்கான அட்டவணையில் பார்த்து மாற்றித் தரும். அட்டவணையில் இல்லாத முகவரி வந்தால் மறித்துவிடும். இன்டெல்லில் இதன் பெயர் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ. முதல் தடுக்கலே இங்கேதான். விஎம்மை ஓட்ட சிபியுவில் இருக்கும் விடி-எக்ஸ் வேறு, விடி-டி வேறு. முன்னது இருந்தாலே விஎம் நன்றாக ஓடும். ஆகவே ‘விர்ச்சுவலைசேஷன் ஆன் பண்ணிட்டேனே’ என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். பின்னது பயாஸில் தனியாக, பல மதர்போர்டுகளில் ஆஃப் நிலையில் கிடக்கும்.

அட்டவணை இன்னொரு விஷயத்தையும் விளக்கிவிடுகிறது. கார்டு எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தில் எழுதும் என்று யாருக்கும் தெரியாததால், கெஸ்ட்டின் நினைவகம் முழுவதையும் அசையாமல் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. 8 ஜிபி விஎம் என்றால் தொடங்கும்போதே 8 ஜிபியும் போய்விடும். விஎம் தொடங்கும்போதே நினைவகப் பிழை வந்து நின்றால், பூட்டும் அளவுக்கு வைத்திருக்கும் வரம்பைப் பாருங்கள்.

சரி, ஐஓஎம்எம்யூ ஆன். அடுத்து வருவது ‘குரூப் வயபிள் இல்லை’ என்கிற ரகப் பிழை. கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ பாதையில் ஒரே சுவிட்சின் கீழே இருக்கும் இரண்டு சாதனங்கள், நினைவகம் வரை போகாமல் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள முடியும். அந்தப் பேச்சு ஐஓஎம்எம்யூவின் காதில் விழாது. இப்படிப் பிரிக்க முடியாதவற்றை லினக்ஸ் ஒரே குழுவாகக் கட்டிவிடும். அந்தக் குழுவில் ஒன்றைக் கொடுத்தால் மற்றவற்றையும் ஹோஸ்ட் கைவிட்டாக வேண்டும். உங்கள் நெட்வொர்க் கார்டின் குழுவில் ஹோஸ்ட்டின் டிஸ்க் கன்ட்ரோலரும் இருந்தால், கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. குழுக்களை வலுக்கட்டாயமாகப் பிரிக்க ஒரு கெர்னல் பேட்ச் உலவுகிறது. அது எதையும் பிரிப்பதில்லை; பிரிந்திருக்கிறது என்று கெர்னலிடம் பொய் சொல்கிறது. சோதனைப் பெட்டியில் பரவாயில்லை, அடுத்தவர் விஎம்கள் ஓடும் இடத்தில் நான் தொடமாட்டேன்.

இனி கை மாற்றும் வேலை. 2012இல் லினக்ஸ் 3.6 கெர்னலோடு வந்த விஎஃப்ஐஓதான் இதைச் செய்கிறது. ஹோஸ்ட்டின் வழக்கமான டிரைவரிடமிருந்து கார்டைப் பிடுங்கி விஎஃப்ஐஓ டிரைவரிடம் கட்டுவோம். எப்படி அடையாளம் சொல்வது? 8086:1521 என்ற எண் ஜோடியால் சொல்லலாம். 8086 என்றால் இன்டெல், 1521 என்றால் ஐ350 வகை கார்டு. இங்கேதான் நான் ஒருமுறை மாட்டினேன். கார்டில் இரண்டு போர்ட். ஒன்று விஎம்முக்கு, மற்றொன்றின் வழியாகத்தான் தொலைவிலிருந்து நான் அந்த இயந்திரத்துக்குள் நுழைந்திருந்தேன். எண் ஜோடியைக் கொடுத்து ரீபூட் செய்தேன். இரண்டு போர்ட்டுக்கும் எண் ஒன்றுதானே! விஎஃப்ஐஓ இரண்டையும் அள்ளிக்கொண்டது. அப்புறம் மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு இயந்திரத்தைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. 01:00.0, 01:00.1 என்று இருக்கும் பிசிஐ முகவரியைச் சொல்லி ஒன்றை மட்டும் கட்டியிருக்க வேண்டும்.

அந்த முகவரியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. புதிதாக ஒரு எஸ்எஸ்டியைச் செருகினால் பஸ் எண்கள் நகரலாம். நேற்று 03:00.0 என்றிருந்த கார்டு இன்று 04:00.0. விஎம்மின் அமைப்புக் கோப்போ இன்னும் 03ஐயே கேட்டுக்கொண்டிருக்கும். வன்பொருளைத் தொட்ட மறுநாள் வரும் கோளாறுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

முதல் தடவை அருமையாக ஓடிவிட்டு, விஎம்மை ரீபூட் செய்ததும் கார்டு காணாமல் போவது இன்னொரு ரகம். கை மாறும்போது கார்டு பழையதை மறந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்கு ஃபங்ஷன் லெவல் ரீசெட் என்ற வசதி உண்டு. எல்லா கார்டிலும் இல்லை. இல்லாத கார்டு அரைகுறை நிலையிலேயே புதிய டிரைவரிடம் போய் நிற்கலாம். ஹோஸ்ட்டை முழுசாக அணைத்துப் போட்டால் சரியாகிறது, விஎம்மை மட்டும் ரீபூட் செய்தால் சரியாகவில்லை என்றால் அநேகமாக இதுதான். ஹோஸ்ட்டின் கெர்னல் பதிவில் டிஎம்ஏஆர் என்று தொடங்கும் பிழை வரிகள் தெரிந்தால், கார்டு தனக்கு அனுமதியில்லாத முகவரியில் கை வைக்கப் பார்த்து ஐஓஎம்எம்யூவிடம் பிடிபட்டிருக்கிறது என்று பொருள்.

ஒரே கார்டைப் பல விஎம்களுக்குப் பங்கு போட எஸ்ஆர்-ஐஓவி இருக்கிறது. கார்டே தன்னைச் சிறு சிறு கார்டுகளாகக் காட்டிக்கொள்ளும். அதில் விஎம் பிங் செய்கிறது, இணையம் வருகிறது, எல்லாம் சுகம். ஆனால் விஎம்முக்குள் மென்பொருள் சுவிட்ச் போன்ற ஒரு பிரிட்ஜ் போட்டு, அதன் பின்னால் தனித்தனியாக அடைத்து ஓடும் நிரல்களான கன்டெய்னர்களை வைத்தால், அவற்றுக்கு மட்டும் எதுவும் போய்ச் சேராது. கெஸ்ட்டுக்குள் எவ்வளவு தோண்டினாலும் தடயம் கிடைக்காது, ஏனென்றால் பேக்கெட் கார்டு வரை ஒழுங்காகத்தான் போகிறது. அந்தச் சிறு கார்டுக்கு எழுதிக்கொடுத்த மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) ஒன்று, கன்டெய்னர் அனுப்பும் பேக்கெட்டில் இருப்பது வேறொன்று. ஆள்மாறாட்டம் என்று நினைத்து கார்டே அதைக் கீழே போட்டுவிடுகிறது. சில டிரைவர்கள் ‘ஸ்பூஃப்டு பேக்கெட்ஸ்’ என்று ஒரு வரி எழுதி வைக்கும், அதுவும் ஹோஸ்ட்டின் பதிவில். அசல் கார்டின் சொந்தக்காரர் இன்னும் ஹோஸ்ட்தானே.