கேட் மோட்டார் வாங்கும் முன் கேட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்

கோயமுத்தூர்ப் பக்கம் மோட்டார் என்றாலே முதல் கேள்வி ஹெச்.பி. தான். கிணறு எத்தனை அடி, போர் எத்தனை அடி, ஏழரை போடலாமா பத்து போடலாமா என்று பேசிப் பழகின ஊர். அதனால் வீட்டு கேட்டுக்கோ கார் ஷெட் ஷட்டருக்கோ ரிமோட் மோட்டார் போடலாம் என்று முடிவானதும் கடையில் போய் நின்று, "ஏனுங்ணா, பெரிய கேட்டுங்க, ஒரு ஹெச்.பி. போட்டா பத்துமுங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். கடைக்காரரும் கேட்டதற்கு ஏற்ற மாதிரி பெரிய பெட்டியாக எடுத்து வைக்கிறார்.

பம்ப்செட்டுக்கு அது சரியான கேள்வி. தண்ணீரைப் பூமியின் இழுப்புக்கு எதிராக மேலே தூக்க வேண்டும், ஆழம் கூடக்கூட வேலையும் கூடும். பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் கேட்டோ எதையும் தூக்குவதில்லை. அதன் எடை முழுவதையும் கீழே இருக்கும் வீலும் டிராக்கும் தாங்கிக்கொள்கின்றன. மோட்டார் சமாளிக்க வேண்டியது உராய்வை மட்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 அடி நீளம், 6 அடி உயரம் என்றால் சுமார் 6.7 சதுர மீட்டர். 2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ, ஆக தகடு மட்டும் 105 கிலோ. சட்டம், குறுக்குக் குழாய், பட்டறைக்காரர் ஆசைப்பட்டு வைத்த பூ வேலைப்பாடு எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வீலில் பேரிங் நன்றாக இருந்து டிராக்கும் மட்டமாக இருந்தால் அதை ஓட்ட எடையில் 2, 3 சதவீத விசை போதும். அதாவது ஏழெட்டு கிலோ இழுவை. கேட் நிமிடத்துக்கு 9 மீட்டர் போகிறது என்றால் உண்மையில் செலவாகும் திறன் 12 வாட் கூட வராது. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட்!

அப்புறம் ஏன் கேட் மோட்டார் பெட்டியில் 300, 400 வாட் என்று போட்டிருக்கிறது? காரணம் உள்ளே இருக்கும் பல்சக்கரம். சாதாரண ஏசி மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1400 சுற்று சுற்றும். அதை அப்படியே கேட்டில் கோர்த்தால் கேட் பறந்துவிடும். அதனால் திருகு மாதிரி வெட்டிய ஒரு தண்டு, ஒரு பல்சக்கரத்தை மெதுவாகத் தள்ளும் வார்ம் கியர் வைத்து 30-ல் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். கேட்டில் அடித்த பல் பட்டையை (ரேக்) நகர்த்துவது பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். 64 மி.மீ. விட்டமுள்ள பினியன் நிமிடத்துக்கு 46, 47 சுற்று சுற்றினால் கேட் 9 மீட்டர் சொச்சம் நகரும். இந்த வார்ம் கியரில் பல்லும் பல்லும் வழுக்கிக்கொண்டே போவதால் ஏறக்குறைய பாதித் திறன் சூடாகப் போய்விடுகிறது. சின்ன சிங்கிள் பேஸ் மோட்டாரும் தன் பங்குக்கு நிறையத் தின்னும். நின்றுகொண்டிருக்கும் கேட்டைக் கிளப்ப வேறு கூடுதல் விசை வேண்டும். தவிர, பம்ப்செட்டில் எழுதியிருப்பது தண்டில் வெளியே வரும் திறன், கேட் மோட்டாரில் எழுதியிருப்பது பெரும்பாலும் உள்ளே இழுக்கும் மின்சாரம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

இவ்வளவு வீணடிக்கிற கியரை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றால், அது ஒருவழிப் பாதை. தண்டு சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் தண்டைச் சுற்ற முடியாது. மோட்டார் நின்றதும் கேட்டை வெளியிலிருந்து யாரும் தள்ளித் திறக்க முடியாது, தனிப் பூட்டே வேண்டாம். கரண்ட் போனால் நீங்களும் திறக்க முடியாது என்பது அதன் மறுபக்கம், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆக, கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். தோட்டத்தில் மூட்டை எடை பார்க்கும் கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு யாரிடமாவது இருக்கும். அதை கேட்டின் கைப்பிடியில் மாட்டி, தரைக்கு இணையாக மெதுவாக இழுங்கள். கிளம்பும்போது ஒரு எண் எகிறும், ஓட ஆரம்பித்ததும் குறைந்து ஒரு இடத்தில் நிற்கும். அந்த ஓடுகிற எண்தான் முக்கியம். 250 கிலோ கேட்டுக்கு 10-க்குள் வந்தால் அருமை. 25, 30 காட்டினால் நீங்கள் தேட வேண்டியது பெரிய மோட்டாரை அல்ல, வெல்டரை. வீலில் பேரிங் செத்திருக்கும், டிராக் ஆங்கிள் எங்கோ தூக்கிக்கொண்டிருக்கும், அல்லது கேட் சாயாமல் மேலே பிடித்திருக்கும் கைடு ரோலர் கேட்டை நெரித்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருந்தால் டிராக் சரிவாக இருக்கிறது என்று அர்த்தம். 50 அடிக்கு ஒரு அடி சரிவு கண்ணுக்கே தெரியாது, ஆனால் 250 கிலோ கேட்டில் அது 5 கிலோ கூடுதல் இழுவை. மழைத் தண்ணீர் ரோட்டுக்கு ஓடட்டும் என்று வாசலைச் சாய்த்துக் கட்டும் மேஸ்திரிகள் டிராக்கையும் சேர்த்தே சாய்த்துவிடுவது உண்டு. பெரிய மோட்டார் இந்தக் கோளாறை எல்லாம் சரி பண்ணாது, மறைத்து வைக்கும். ஆறு மாதத்தில் பினியன் பல் தேய்ந்து வெளியே வரும்போது தெரியும்.

பல் தேய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேட்டில் அடித்திருக்கும் ரேக்குக்கும் பினியனுக்கும் நடுவே 1, 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியே இல்லாமல் இறுக்கி வைத்தால் கேட்டின் எடை மோட்டார் தண்டில் உட்கார்ந்துவிடும். மாட்டுபவர் போன பிறகு இதைப் பார்த்துப் பயனில்லை, அவர் இருக்கும்போதே குனிந்து பாருங்கள்.

இனி ஷட்டர். இது உண்மையிலேயே தூக்கும் வேலை. மேலே தூக்கித் திறக்கும் கார் ஷெட் கதவை அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் 1921-ல் கொண்டுவந்தார், 1926-ல் அதற்கு மின்சார மோட்டாரும் வைத்தார். அந்தக் கதவுகளிலும் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் ஸ்பிரிங்தான். நம் ஊர்க் கடைத்தெருவில் காலையில் ஷட்டர் திறப்பதைக் கவனித்தால் இது புரியும். எழுபது கிலோ ஷட்டரைக் கொக்கிக் கம்பியால் ஒரு ஆள் கொஞ்சம் தூக்கிவிட்டால் மீதி கடகடவென்று தானே ஏறும். இறங்கும்போது மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறுகிறது, ஏறும்போது அந்த முறுக்கு திரும்பக் கிடைக்கிறது. இந்த வகையில் மோட்டார் வைக்கும் முன், ஷட்டரை இடுப்பு உயரத்தில் நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. சரசரவென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அந்தப் பாரம் தினமும் மோட்டார் தலையில் விழும். ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். ஒரு கதவையே தூக்கும் சக்தி அதற்குள் அடைந்து கிடக்கிறது, ஸ்பேனர் நழுவினால் விரல் போய்விடும்.

பெரிய ஷட்டர்களில் ஸ்பிரிங் இல்லாமல் பக்கவாட்டில் மோட்டார் வைத்து செயினால் முழு எடையையும் தூக்குவார்கள். அங்கேயும் 150 கிலோவை நொடிக்கு 10 செ.மீ. ஏற்ற 150 வாட்தான் ஆகும், கால் ஹெச்.பி. கூட இல்லை. அங்கே கேட்க வேண்டியது பிரேக்கைப் பற்றி. கரண்ட் போன கணத்தில் ஷட்டரைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

கொங்கு நாட்டில் கூடுதலாக யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கம் என்ன செய்யும் என்று அங்கே நிற்கும் காற்றாலைகளைக் கேட்டால் சொல்லும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று, தகடு அடித்த 12 அடி கேட்டின் மேல் சுமார் 60 கிலோ விசையோடு தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஸ்லைடிங் கேட் என்றால் இந்த விசை பக்கவாட்டில் விழுகிறது, ரோலர் தாங்கிக்கொள்ளும். நடுவே பிரிந்து திறக்கும் இரட்டைக் கதவு என்றால் கதை வேறு. ஒரு கதவுக்கு 30 கிலோ, அதன் நடுப்பகுதி கீலிலிருந்து மூன்று அடி. மோட்டாரின் கை கதவைப் பிடித்திருப்பதோ கீலிலிருந்து ஒரு அடியில். ஆக அந்தக் கை 90 கிலோவைத் தாங்க வேண்டும், அதுவும் அவ்வளவு லேசான ஒரு காற்றுக்கே. அந்தப் பக்கம் வீடு கட்டுபவர்களுக்கு என் யோசனை, இடம் இருந்தால் ஸ்லைடிங் போடுங்கள். இரட்டைக் கதவுதான் அழகு என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் தகட்டை விட்டுவிட்டுக் கம்பி அழியாகப் போடுங்கள், காற்று ஊடே போகட்டும்.

ஏசியா டிசியா என்ற கேள்விக்கு என் பதில் நேரானது: ஒரு குடும்பம் புழங்கும் வீட்டுக்கு 24 வோல்ட் டிசி. மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும், கேட் அதிராது. சின்ன பேட்டரி வைத்தால் கரண்ட் போனாலும் ஓடும். வழியில் ஏதாவது இடித்தால் மோட்டார் இழுக்கும் கரண்ட் எகிறும், மோட்டாரின் கண்ட்ரோல் போர்டு அதை உடனே கவனித்துத் திருப்பிவிடும். ஏசி மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டரில் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள், அது சைன் வேவ் வகையா என்று முதலில் பார்க்கவும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் ஊம் என்று முனகிச் சூடேறும். அபார்ட்மென்ட் என்றால் எதை வாங்கினாலும், இடைவிடாமல் எத்தனை நேரம் ஓடலாம் என்று அட்டையில் பாருங்கள். காலை எட்டரைக்கு வரிசையாக முப்பது கார் கிளம்பும் இடத்தில் வீட்டு மோட்டார் சூடாகி நின்றுவிடும்.

ரிமோட்டில் பார்க்க வேண்டியது ரோலிங் கோடு இருக்கிறதா என்பதை. பழைய ரிமோட் எப்போதும் ஒரே எண்ணை அனுப்பும். 12 ஸ்விட்ச் வைத்த ரிமோட்டில் மொத்தமே 4096 எண்கள். 2015-ல் சாமி காம்கார் என்பவர் ஒரு குழந்தைகள் பொம்மையை மாற்றியமைத்து, இப்படிப்பட்ட கதவுகளைப் பத்து நொடிக்குள் திறக்கலாம் என்று காட்டினார். ரோலிங் கோடில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும். ரிமோட்டும் ரிசீவரும் ஒரே ரகசியச் சாவியையும் ஒரு எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு, அடுத்த எண் எதுவென்று தனித்தனியே கணக்கிடுகின்றன, பஸ் டிக்கெட் கட்டு மாதிரி, கிழித்த எண் மறுபடி செல்லாது. பையன் வீட்டுக்குள் உட்கார்ந்து சும்மா நாலு தடவை அழுத்தினாலும் ரிசீவர் கொஞ்சம் முன்னே வரை பார்த்து ஏற்றுக்கொள்ளும். சாவிக் கடையில் இரண்டு நிமிடத்தில் ரிமோட்டை நகல் எடுத்துத் தருகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் பழைய ஒரே எண் வகை. மொபைல் ஆப், வைஃபை எல்லாம் இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பில் மட்டும் பேரம் பேசாதீர்கள். அமெரிக்காவில் கதவுக்கு அடியில் குழந்தைகள் சிக்கி இறந்த பிறகு, 1993 ஜனவரி முதல் தயாராகும் வீட்டு மோட்டார்களில் தடை பட்டால் திரும்பும் வசதியும், வழியில் ஆள் நிற்பதைப் பார்க்கும் சென்சாரோ அதற்கு ஈடானதோ கட்டாயமானது. நம் ஊரில் போட்டோ சென்சாரைத் தனி விலை போட்டு, வேண்டாம் என்றால் கழித்துத் தருகிறார்கள். கழிக்காதீர்கள். முழங்கால் உயரத்தில் ஒன்று வைத்தால் தவழும் குழந்தை அதற்குத் தெரியாது, இன்னும் தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், டிராக்கின் இரண்டு முனையிலும் கேட்டைத் தடுக்கும் ஸ்டாப்பர், கான்கிரீட்டில் பதித்தது. முனைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் ஒருநாள் வேலை செய்யாமல் போனால் கேட் ரோலரை விட்டு வெளியே ஓடி, ஆள் மேல் சாயும். இருநூற்றைம்பது கிலோ.

மோட்டார்ப் பெட்டிக்கு எர்த் கண்டிப்பாக வேண்டும், லைனில் கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் ஆர்சிசிபி இருக்க வேண்டும். மழையில் நனைந்த கையோடு தொடுகிற இரும்பு அது. வயர் வரும் குழாய் வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லியும் அந்த வழியாகத்தான் போர்டுக்குள் போய் ஷார்ட் ஆக்குகின்றன. டிராக்கில் மண்ணும் ஜல்லியும் சேர்ந்தால் கேட் தடை என்று நினைத்துத் திரும்பும், சீமாறு போட்டுக் கூட்டினால் போதும், டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டியதில்லை.

கரண்ட் போனால் கியரைக் கழற்றிவிட மோட்டாரில் ஒரு சாவி இருக்கும். மோட்டார் இருப்பது காம்பவுண்டுக்கு உள்ளே, நீங்கள் நிற்பது வெளியே. வீட்டில் வேறு வாசல் இல்லை என்றால் கேட் பட்டறையில் இருக்கும்போதே ஆள் நுழைகிற அளவு ஒரு திட்டிவாசல் வைக்கச் சொல்லிவிடுங்கள், கூடவே அது திறந்திருந்தால் மோட்டார் ஓடாதபடி ஒரு சின்ன ஸ்விட்சும். ஸ்விட்ச் இல்லாமல் வைத்தால், ஒருவர் உள்ளே கால் வைக்கும்போது இன்னொருவர் ரிமோட்டை அழுத்திவிடுவார்.