ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓடை என்ன செய்கிறது?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், மாலை ஆறரைக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் விளக்கு எரியத் தொடங்கும். சமையல், டீவி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பத்து மணிக்குள் அடங்கிவிடும். மலையிலிருந்து குழாய் வழியே இறங்கி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தரும் ஓடை மட்டும் விடிய விடிய ஓடும். தோட்டத்துக்கென்று தனியாக இயங்கும் சிறு மின்வலையின் பணக் கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். விநாடிக்கு 20 லீட்டர் தண்ணீர் 50 மீட்டர் விழுந்தால், இழப்புகள் போகச் சுமார் 6 கிலோவாட் கிடைக்கும். ஒரு நாளைக்கு 144 அலகு. மாலை 4 மணிநேரம் முழுதாகவும், மற்ற 20 மணிநேரம் 1 கிலோவாட் வீதமும் செலவானால் விற்பது 44 அலகுதான். மீதி நூறை நிறுத்தி வைக்கவும் முடியாது. செலவு குறைந்தால் சக்கரம் வேகமெடுக்கும், மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் எகிறும், வீட்டுச் சாமான்கள் பழுதாகும். அதனால் பல திட்டங்களில் ஒரு மின்னணுக் கட்டுப்படுத்தி அந்த மிகுதியை ஹீட்டர் கம்பிகளில் எரித்துத் தீர்க்கிறது. தடுப்பணைக்கும் குழாய்க்கும் டர்பைனுக்கும் ஏற்கெனவே பணம் கொட்டியாகிவிட்டது. அந்த நூறு அலகை அரை விலைக்குக் கொடுத்தாலும் லாபமே.

வாங்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் விசிறிகள் இரவெல்லாம் ஓடும், அவற்றின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். பொருத்திப் பார்ப்பதுதான் வேலை. நகரங்களில் லட்சக்கணக்கில் மாட்டப்படுவதால் மலிவாகிவிட்ட ஸ்மார்ட் மீட்டர், எந்த வீட்டில் எந்த நேரம் எவ்வளவு செலவாகிறது என்று கால்மணிக்கு ஒருமுறை சொல்லும். தடுப்பணையில் வைத்த சென்சார் தண்ணீர் மட்டத்தைச் சொல்லும். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: விசிறிக்குச் செய்தி அனுப்ப இணையமே வேண்டாம். மிகுதி வந்தால் மின்கம்பியிலேயே ஹேர்ட்ஸ் ஒரு துளி உயரும். விசிறியில் பொருத்திய சிறு கருவி அதை உணர்ந்து வேகம் கூட்டும், தாழ்ந்தால் குறைக்கும். சிக்னல் எட்டாத பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வருமானமும் உண்டு. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனது. உருட்டிய கொழுந்து நேரத்துக்கு உலராமல் கிடந்தால் தேயிலையின் தரம் கெடும். தோட்ட வலை தேசிய வலையோடும் இணைந்திருக்கும் இடங்களில், தேசிய வலை விழுந்த கணமே தோட்ட வலையைப் பிரித்துத் தனியே ஓட்டும் ஸ்மார்ட் சுவிட்ச், வேலையின் ஒரு பகுதியையாவது காப்பாற்றும். அந்தக் காப்புக்கு ஸ்டோர் மாதாந்தக் கட்டணம் கொடுப்பது நியாயம். தோட்ட மின்சாரம் வெளிக் கம்பிக்குப் பாய்ந்தால் அதில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து, அதனால் அந்தப் பிரிப்பு ஒருபோதும் தவறக் கூடாது.

மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை ஓடை மெலியும். அப்போது எது முதலில் நிற்பது என்ற வரிசையை நாம்தான் கருவியில் எழுதி வைக்க வேண்டும். ஸ்டோர் அதிகம் பணம் தருவதால் அதைக் கடைசியில் நிறுத்தலாம் என்று எழுதுவது சுலபம். நான் முதலில் நிற்பதாக விசிறியையும் கடைசியில் நிற்பதாக லயத்து விளக்கையும் எழுதுவேன்.