பழைய காருக்கு புது சேசி, புது பாடி கட்டப் போறீங்களா? வின்டேஜ் ரூல் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு அப்புறம் வெட்டுங்க

கொட்டகையில வருஷக்கணக்கா நின்ன பழைய கார வெளிய இழுத்து டிங்கர்கிட்ட காட்டுனா, அவர் அடியில ஸ்க்ரூடிரைவர வச்சு குத்திப் பாத்துட்டு "இதுல பத்தை போட்டு பிரயோஜனம் இல்ல, சேசிய (அடியில வண்டியத் தாங்குற இரும்பு ஃப்ரேம) புதுசா அடிச்சு மேல பாடியும் கட்டிரலாம்"னு சொல்லுவார். வேலை தெரிஞ்சவர்னா சொன்ன மாதிரி செஞ்சும் குடுத்துருவார். ஆனா அப்படி செஞ்ச வண்டி சட்டத்தோட கண்ணுல அந்த பழைய வண்டியே இல்லன்னு ஆகிடலாம், இது நிறைய பேருக்கு காசெல்லாம் செலவு பண்ணி முடிச்ச பிறகுதான் தெரிய வருது, அதான் இத எழுதுறேன்.

2021 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 1989 மோட்டார் வாகன விதிகள்ல திருத்தம் கொண்டு வந்து வின்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி ரிஜிஸ்ட்ரேஷன் முறைய வச்சாங்க. அதுபடி வின்டேஜ்னா என்னன்னா, சொந்த உபயோகத்துக்கான டூ வீலரோ காரோ, முதல் ரிஜிஸ்ட்ரேஷன் ஆன தேதியில இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும் (வெளிநாட்டுல இருந்து இறக்குமதி ஆனதும் இதுல சேரும்), அதோட அசல் வடிவத்துலயே பராமரிச்சிருக்கணும், பெரிய அளவுல மாத்தி அமைச்சிருக்கக் கூடாது. அந்த "பெரிய அளவு" எதுன்னும் ரூல்லயே வருது: சேசி, பாடி ஷெல் (பாடியோட கூடு), இன்ஜின், இதுல செய்யுற மாற்றம்.

வயசு மட்டும் இருந்தா போதும்னு நினைக்கிறவங்க சறுக்குற இடம் இதுதான். 60 வருஷ வண்டியா இருக்கலாம், ஆனா சேசிய வெட்டி நீட்டி, கூரைய அறுத்து ஓப்பன் கார் ஆக்கி, உள்ள வேற டீசல் இன்ஜின இறக்கி வச்சிருந்தா அது வின்டேஜ்ல வராது.

அப்போ துருப்பிடிச்ச தகட்ட மாத்தவே கூடாதான்னு கேப்பீங்க. இத்தன இன்ச் வரைக்கும் ரிப்பேர், அதுக்கு மேல மாடிஃபிகேஷன்னு ரூல் அளவு போட்டு சொல்லல. வண்டிய நேர்ல பாத்து முடிவு பண்றது அதிகாரிங்கதான். என்னோட கருத்த சொல்றேன்: துருப்பிடிச்சுப் போன மட்கார்ட அதே வடிவத்துல, அதே கனத் தகட்டுல கையால தட்டி செஞ்சு அதே இடத்துல பூட்டுறது ரிப்பேர். மட்கார்டோட வளைவ நம்ம இஷ்டத்துக்கு மாத்துனா அது மாற்றம்.

இதுல வண்டிக்கு வண்டி வித்தியாசம் இருக்கு, இத புரிஞ்சிக்கிறது ரொம்ப முக்கியம். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பழைய வில்லிஸ் ஜீப் மாதிரி வண்டியில சேசி தனி, பாடி தனி, போல்ட்ட கழட்டுனா பாடி தனியா வந்துரும். அதுல பாடி பேனல ஒண்ணொண்ணா கழட்டி சரி பண்ணலாம், சேசிய தொடவே வேண்டியதில்ல. அம்பாசிடர், ஃபியட் 1100 அப்படி இல்ல, தனி சேசியே கிடையாது, ஃப்ளோர், கதவுக்குக் கீழ வர்ற சில், தூண் எல்லாம் ஒண்ணா வெல்டிங் ஆகி அந்த பாடியே எலும்புக்கூடா நிக்குது. அதுல ஃப்ளோர மொத்தமா அறுத்து எடுத்தா வண்டியோட எலும்பையே எடுத்த மாதிரி. அதனால அம்பாசிடர்காரங்க கெட்டுப்போன பகுதிய மட்டும் வெட்டி, வெட்டுறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள இரும்புச் சட்டம் முட்டுக் குடுத்து நிறுத்தி, அதே வடிவத் தகட வச்சு வெல்டிங் பண்றதுதான் நல்லது. முட்டுக் குடுக்காம அறுத்தா பாடி தொங்கிரும், அப்புறம் கதவு சாத்தாது.

சேசி நம்பர் விஷயத்துல மட்டும் விளையாடவே விளையாடாதீங்க. ஆர்டிஓ ஆபீஸ்ல அந்த நம்பருக்கு மேல பேப்பர வச்சு பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோட ஒத்துப் பாப்பாங்க. புது சேசி அடிச்சுட்டு பழைய நம்பர வெட்டி அதுல ஒட்டுறது, புதுசா பஞ்ச் அடிக்கிறது, இதெல்லாம் திருட்டு வண்டிக்கு செய்யுற வேலை, நம்ம நல்ல எண்ணத்துல செஞ்சோம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. கிரைண்டர் பிடிக்கிறவர்கிட்ட அந்த இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு காட்டிருங்க.

சரி, வண்டி அசலா இருக்கு, எப்படி அப்ளை பண்றது? ஃபார்ம் 20 (ரிஜிஸ்ட்ரேஷன் விண்ணப்பம்), இன்சூரன்ஸ், ஃபீஸ், இந்தியாவுல ஏற்கனவே ரிஜிஸ்டர் ஆனதுன்னா பழைய ஆர்சி, இறக்குமதின்னா கஸ்டம்ஸ்ல குடுத்த பில் ஆஃப் என்ட்ரி. புது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 20,000 ரூபாய், பின்னாடி மறுபடி பண்றப்போ 5,000 ரூபாய். 60 நாளுக்குள்ள ஃபார்ம் 23ஏ-ல ஆர்சி தரணும்னு ரூல். பழைய நம்பர் இருந்தா அதையே வச்சுக்கலாம், இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், ஏன்னா அந்தக் கால மெட்ராஸ் எம்எஸ், எம்டி நம்பரெல்லாம் அந்த வண்டியோட முகம் மாதிரி. புதுசா வாங்குறவங்களுக்கு மாநில எழுத்துக்கு அப்புறம் விஏ வரும், அது வின்டேஜுக்கான குறி, அப்புறம் ரெண்டு எழுத்து, நாலு இலக்க நம்பர்.

இந்த ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கிட்டா தினமும் ஆபீஸுக்கு ஓட்டிட்டு போக முடியாது, கல்யாணத்துக்கு வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, டெக்னிக்கல் ஆராய்ச்சி, பெட்ரோல் போட, மெயின்டனன்ஸுக்கு, இதுக்கு மட்டும்தான் ரோட்டுல இறக்கலாம்.

எனக்கு வின்டேஜ் பேரெல்லாம் வேணாம், சாதா ஆர்சியே போதும், பாடிய என் இஷ்டத்துக்கு மாத்திக்கிறேன்னா? அங்கயும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு நிக்குது, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து ஆர்சி விவரம் மாறுற அளவுக்கு வண்டிய மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளா வழக்கு ஒண்ணுல இதத்தான் உறுதி பண்ணுச்சு. மீறுனா ஓனருக்கு 182ஏ பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் ஃபைன், இல்ல ரெண்டுமே.

சேசியில இருந்து எல்லாமே புதுசா செஞ்சு 1930கள் கார் மாதிரி ரெப்ளிகா கட்டுனா அது சட்டப்படி புது வண்டிதான். புது மாடல் வண்டின்னா தயாரிப்பாளர் புரோட்டோடைப்ப புனேல இருக்குற ஏஆர்ஏஐ மாதிரி டெஸ்டிங் ஏஜென்சியில குடுத்து அப்ரூவல் வாங்கணும், ஒரே ஒரு வண்டி கட்டுற தனி ஆளால அது நடக்குற காரியம் இல்ல. கட்டி வீட்டுல அழகுக்கு நிறுத்திக்கலாம், ரோட்டுக்கு கொண்டு வர முடியாது.

வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கி வண்டிய சுத்தி, அடியில, உள்ள, சேசி நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க, கழட்டுன துருத் தகட்டக் கூட உடனே பழைய இரும்புக்கு போட்டுறாதீங்க, அதுதான் புது தகட்டுக்கு அச்சு, நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் (வண்டிய செக் பண்ற ஆர்டிஓ ஆபீஸ் அதிகாரி) கேட்டா இந்த இடம் இப்படித்தான் இருந்துச்சுன்னு காட்ட சாட்சியும் அதுதான்.